கண்வலிக் கிழங்கு: அரை மில்லிகிராமில் அடங்கும் மருந்து

மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில், ஒட்டன்சத்திரம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் பஸ்ஸில் போனால், வேலி மேலும் கம்பிப் பந்தல் மேலும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ கவிழ்ந்து தொங்குவதைப் பார்க்கலாம். ஆறு இதழ்கள். ஓரமெல்லாம் சுருள் சுருளாக நெளிந்து, மேல்நோக்கி வளைந்து நிற்கும். அதுதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கொங்குப் பகுதியில் பண்ணையம் பார்ப்பவர்களுக்கு அது கண்வலிச் செடி; அடியில் இருப்பது கண்வலிக் கிழங்கு. கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்று வேறு ஊர்களில் சொல்வதும் இதையேதான். தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சூப்பர்பா.

இந்தக் கிழங்கைப் பற்றி ஊருக்குள் இரண்டு விதமான பேச்சு உண்டு. "மூட்டுவலிக்கு அருமையான மருந்துங்க, வெளிநாட்டுக்காரங்களே வாங்கிட்டுப் போறாங்க" என்பது ஒன்று. "அதைத் தொடாதே, கொடிய விஷம்" என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. அதிலும், இரண்டும் ஒரே காரணத்தால் உண்மை. அந்தக் காரணத்தை எளிதாக விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அதைப் புரிந்துகொண்ட யாரும் இந்தக் கிழங்கை வீட்டில் இடித்துக் கஷாயம் போடத் துணியமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் செடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

கிழங்கு பார்ப்பதற்கு ஏர்க் கலப்பை மாதிரி இரண்டு கவையாகப் பிரிந்திருக்கும். கவையின் நுனியில் மட்டுமே முளை இருக்கும். தோண்டும்போதோ மூட்டையில் போட்டுத் தூக்கும்போதோ அந்த நுனி ஒடிந்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் முளைக்காது. அதனால் விதைக் கிழங்கைக் கையாளுகிறவர்கள் முட்டையைத் தூக்குகிற பதனத்தோடு தூக்குவார்கள். ஆடி வாக்கில் நடவு. முளைத்து வரும் தண்டு தானாக நிற்காது, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். பற்றுவதற்கு இந்தச் செடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, கிடைத்ததைச் சுற்றிக்கொள்ளும். கிளுவைக் குச்சிகளை வரிசையாக ஊன்றியும், கம்பி இழுத்துக் கட்டியும் கொடியை ஏற்றிவிடுகிறார்கள்.

பூ முதலில் பச்சையாக விரியும். பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் அடர் சிவப்பு. ஒரே கொடியில் இந்த எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். பூவின் அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. மகரந்தப் பைகள் ஆறும் சுற்றிலும் விலகி நீட்டிக்கொண்டிருக்கும். சூலகத் தண்டோ அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாகப் போய்விடும். மகரந்தம் தானாக அங்கே போய்ச் சேருவது கடினம். பூச்சிகளை மட்டும் நம்பினால் காய் பிடிப்பு குறைந்துபோகும். அதனால் பூக்கிற மாதங்களில், காலை வெயில் ஏறுவதற்குள், ஆட்கள் கொடி கொடியாகப் போய் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூலக முடியில் தொட்டு வைக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஒரு தோட்டம் முழுவதும், ஒவ்வொரு பூவாக. தை, மாசியில் காய் முற்றியதும் பறித்து, நிழலில் உலர்த்தி, விதையைப் பிரித்தெடுப்பார்கள். ஆரஞ்சு நிறத் தோல் மூடிய சின்னச் சின்ன உருண்டைகள்.

வியாபாரம் நடப்பது பெரும்பாலும் அந்த விதையில்தான். மருந்துப் பொருள் கிழங்கிலும் உண்டு, விதையிலும் உண்டு, இலையிலும் பூவிலும்கூட உண்டு. விதையில் அது கூடுதல். கிழங்கை எடுத்தால் அடுத்த ஆண்டுக்கு நடவு இல்லை, விதையை எடுத்தால் கிழங்கு மண்ணில் இருக்கும். அதனால் மருந்துத் தொழிற்சாலைகளுக்கு விதை போகிறது, கிழங்கு விவசாயியிடம் தங்குகிறது. நாட்டு வைத்தியத்தில் பேர் வாங்கியது கிழங்கு. உலகச் சந்தையில் விலை போவது விதை.

உள்ளே இருப்பது என்ன?

கோல்ச்சிசின் என்ற ஒரு வேதிப்பொருள். இந்தக் கிழங்கின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் பெரும்பாலும் இதனால் வந்தவையே.

கோல்ச்சிசினை உலகம் முதலில் அறிந்தது நம் செங்காந்தளிலிருந்து அல்ல. மேற்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் கோல்ச்சிக்கம் என்ற வேறொரு செடியிலிருந்து. யுனானி மருத்துவத்தில் சுரஞ்சான் என்று சொல்வது அந்த வகையின் கிழங்கைத்தான். ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்ஸாண்டர் என்ற கிரேக்க மருத்துவர் அதைக் கால் மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். 1820-இல் பெல்லெத்தியே, காவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலர்கள் அந்தக் கிழங்கிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சிங்கோனா பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைனைப் பிரித்ததும் இதே இருவர், அதே ஆண்டில். கோல்ச்சிக்கமும் செங்காந்தளும் ஒரே தாவரக் குடும்பம். அதனால்தான் அங்கே குளிர்நாட்டுப் புல்வெளியில் இருக்கும் அதே பொருள், இங்கே நம் செம்மண் காட்டிலும் விளைகிறது.

சரி, எவ்வளவு இருக்கிறது? காய்ந்த கிழங்கில் பொதுவாக ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை. சில சமயம் அதற்கு மேலும் போகும். கேட்பதற்கு மிகவும் கொஞ்சமாகத் தோன்றும். மருந்துக் கடையில் விற்கும் கோல்ச்சிசின் மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ஒரு மாத்திரையில் 0.5 மில்லிகிராம். ஒரு கிராமை இரண்டாயிரம் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு.

இப்போது பத்து கிராம் எடையுள்ள ஒரு காய்ந்த கிழங்குத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் அளவுகூட வராது. அதில் பத்து முதல் முப்பது மில்லிகிராம் வரை கோல்ச்சிசின் இருக்கலாம். அதாவது இருபது மாத்திரையிலிருந்து அறுபது மாத்திரை வரை. இருபதா, அறுபதா என்பது துண்டைப் பார்த்தால் தெரியாது. மண், செடியின் வயது, பறித்த மாதம், எந்த ரகம் என்பதைப் பொறுத்து மாறும். நிறத்திலும் தெரியாது, வாசனையிலும் தெரியாது. ஆய்வகத்தில் பரிசோதித்தால்தான் தெரியும்.

மஞ்சளை நினைத்துப் பாருங்கள். ஈரோட்டு மஞ்சளைப் புழங்கி வளர்ந்தவர்கள் நாம். குழம்பில் ஒரு கரண்டி கூடப் போட்டால் நிறமும் சுவையும் கெடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. மஞ்சளில் உள்ள குர்குமினை நாளொன்றுக்கு 8 கிராம் வரை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு, பெரும்பாலோர் தாங்கிக்கொண்டார்கள். (அதற்காக மஞ்சள் மாத்திரைகளை அள்ளி விழுங்கச் சொல்லவில்லை. மிளகுச் சத்து சேர்த்து விற்கும் சில குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.) 8 கிராம் என்பது அரை மில்லிகிராமைப் போலப் பதினாறாயிரம் மடங்கு. இரண்டுமே மண்ணுக்கடியில் விளைவதுதான், இரண்டுமே மருந்து என்று பேர் வாங்கியதுதான். ஆனால் ஒன்றில் கை தாராளமாக இருக்கலாம், இன்னொன்றில் கூடவே கூடாது.

மருந்து வேலை செய்யத் தேவையான அளவுக்கும் ஆளைக் கெடுக்கும் அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலவற்றில் அது அகலம். கோல்ச்சிசினில் அது மிகக் குறுகல். மூலிகைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்குகிறவர்கள் எந்தச் செடியைக் கண்டாலும் "இது எதற்கு நல்லது?" என்று கேட்பதோடு "இதில் அந்த இடைவெளி எவ்வளவு?" என்றும் கேட்கப் பழக வேண்டும். முதல் கேள்விக்கு ஊரில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்கிறவர்கள் குறைவு.

உடம்புக்குள் அது செய்யும் வேலை

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மிக மிக மெல்லிய குழல்கள் இருக்கின்றன. நுண்குழல்கள் என்கிறார்கள். டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்து ஆனவை அவை. செல் தேவைப்படும்போது குழலைக் கட்டும், வேலை முடிந்தால் பிரிக்கும். நோம்பிக்குப் பந்தல் போட்டுப் பிரிக்கிற மாதிரி, கட்டுவதும் பிரிப்பதுமாக இது நடந்துகொண்டே இருக்கும். செல் நகர்வதற்கும், உள்ளே சரக்குகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கும், ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கும் இந்தக் குழல்கள் வேண்டும்.

கோல்ச்சிசின் போய் அந்த டியூபுலின் துண்டில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அடுத்த துண்டு அதன் மேல் சேர முடிவதில்லை. குழல் வளராமல் நின்றுவிடுகிறது. இதன் மருத்துவப் பயனும் சரி, விஷமும் சரி, பெரும்பாலும் இந்த ஒரு செயலிலிருந்து வருகின்றன.

முதலில் நல்ல பக்கம். யூரிக் அமிலம் ரத்தத்தில் கூடிப்போனால், சிலருக்கு அது ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் படியும். அதிகமும் கால் கட்டைவிரலின் அடி மூட்டில். நடுராத்திரியில் அந்த மூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி வரும். இதைத்தான் டாக்டர்கள் கவுட் என்கிறார்கள். வலிக்குக் காரணம் படிகம் மட்டும் அல்ல. அதை அந்நியப் பொருளாக நினைத்து வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடிவந்து தாக்குகின்றன. வீக்கமும் வலியும் அந்தச் சண்டையால் வருபவை. கோல்ச்சிசின் வெள்ளணுவின் நுண்குழல்களைக் கட்டிப்போடுகிறது. வெள்ளணுவால் முன்போல நகர முடிவதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியே விடவும் முடிவதில்லை. சண்டை அடங்குகிறது, வலி குறைகிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோல்ச்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு வேறு மருந்து இருக்கிறது. முழங்கால் தேய்மானத்தால் வரும் வலிக்கும் இது மருந்து இல்லை. "மூட்டுவலிக்குக் கண்வலிக் கிழங்கு" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த மூட்டுவலிக்கு என்று திருப்பிக் கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் மூட்டுவலியில் பெரும்பகுதி தேய்மான வலிதான்.

கவுட்டுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கே நீண்ட காலம் ஆனது. முன்பெல்லாம் வலி நிற்கும்வரை, இல்லாவிட்டால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கும்வரை, மணிக்கொரு தடவை மாத்திரை கொடுப்பது வழக்கமாக இருந்தது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்மையில் விஷத்தின் முதல் அறிகுறிகள். அதாவது நோயாளியை விஷத்தின் வாசல் வரை கூட்டிப்போய் நிறுத்தினார்கள். 2010-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஆறு மணி நேரத்தில் மொத்தம் 4.8 மில்லிகிராம் கொடுப்பதும், ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்வதும் வலியைக் குறைப்பதில் ஏறக்குறைய சமம்தான் என்று காட்டியது. வயிற்றுத் தொல்லையோ குறைந்த அளவில் வெகுவாகக் குறைந்தது. இப்போது டாக்டர்கள் பின்பற்றுவது குறைந்த அளவையே. கவுட்டுக்கு இதைக் கொடுக்கத் தொடங்கி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அளவைப் பற்றிக் கற்றுக்கொள்ள மிச்சம் இருந்திருக்கிறது.

கவுட் தவிர, மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மக்களிடம் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சல் நோய்க்கும் இதுவே முதன்மையான மருந்து. இதய உறையில் வரும் அழற்சிக்கும் கொடுக்கிறார்கள்.

இதய அடைப்பில் இதன் பயன் இப்போதுதான் சூடாக ஆராயப்பட்டு வருகிறது. ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு ஏற்படுவதில் அழற்சிக்கும் பங்கு உண்டு என்பதால், தினமும் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-லும் 2020-லும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு போன்ற பாதிப்புகள் குறைந்தன. அதன் பேரில் 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோயாளிகளுக்கு இந்தச் சிறிய அளவை அனுமதித்தது. ஆனால் 2024-இல், மாரடைப்பு வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை. ஆக, இது இன்னும் முடிவாகாத விஷயம். "செங்காந்தள் இதயத்தைக் காக்கும்" என்று வாட்ஸாப்பில் வந்தால் இந்த இரண்டு பக்கத்தையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு மருந்தும் உண்டு. கழுத்துப் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு என்று டாக்டரிடம் போனவர்களில் பலர் தெரியாமலேயே அதைச் சாப்பிட்டிருப்பார்கள். தயோகோல்ச்சிகோசைடு. சீட்டை எடுத்துப் பார்த்தால் வலி மாத்திரையோடு சேர்த்து எழுதியிருப்பது தெரியும். செங்காந்தள் விதையிலிருந்து கிடைக்கும் கோல்ச்சிகோசைடு என்ற பொருளைக் கொஞ்சம் மாற்றி இதைத் தயாரிக்கிறார்கள். இதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013-இல் இதை ஆராய்ந்து, வாய்வழியாக ஏழு நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களும் எடுக்கவே கூடாது என்று சொன்னது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. இந்த மாத்திரையில் அது வேண்டாம்.

அதே செயல், விஷமாக

இப்போது மறுபக்கம். குழல் கட்டுவதை நிறுத்தும் பொருள் அளவு மீறி உள்ளே போனால் என்ன ஆகும்?

செல் இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துக்கொண்டு போவது இந்த நுண்குழல்கள்தான். குழல் இல்லாவிட்டால் பிரிவது பாதியில் நின்றுவிடும். அப்படியானால் உடம்பில் எந்தச் செல்கள் வேகமாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றனவோ, அவை முதலில் அடிவாங்கும். குடலின் உள்தோல் சில நாளுக்கொரு முறை புதுசாகிறது, அதனால் முதல் அடி வயிற்றுக்கு. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாய், தொண்டை எரிச்சல், கடும் வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு. அடுத்து எலும்பு மஜ்ஜை. ரத்த அணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. இரண்டு மூன்று நாளில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரியத் தொடங்கும், நோய்த் தொற்றும் ரத்தக் கசிவும் வரும். சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் எல்லாம் பாதிக்கப்படலாம். இவ்வளவையும் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். முடியின் வேரும் வேகமாகப் பிரியும் செல்தானே. பிறகு முளைத்துவிடும்.

குடல், மஜ்ஜை, முடி: ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று இடங்கள். நுண்குழலைப் பற்றித் தெரிந்த பிறகு பார்த்தால் ஏன் இந்த மூன்றும் என்பது விளங்கிவிடுகிறது. கோல்ச்சிசினைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: வெள்ளணுவை அடக்குகிற அதே பிடிதான் குடலையும் மஜ்ஜையையும் நிறுத்துகிறது. நல்லதைத் தனியாக எடுத்துக்கொண்டு கெட்டதை விட்டுவிட வழியில்லை. அளவு ஒன்றுதான் காவல்.

அந்தக் காவலும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. கோல்ச்சிசினை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, சாதாரண மருந்தளவே சேர்ந்து சேர்ந்து விஷ அளவாகிவிடலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், சில பூஞ்சைக் கொல்லி மாத்திரைகள், வெராப்பமில் என்ற இதய மருந்து ஆகியவை கோல்ச்சிசின் வெளியேறுவதைத் தடுக்கும். ஆகவே மாத்திரையாகச் சாப்பிடும்போதே டாக்டரிடம் மற்ற மருந்துகளைச் சொல்ல வேண்டும். அளவு தெரியாத கிழங்கில் இந்தக் கணக்கை யார் போடுவது?

இங்கே ஒரு சின்ன விலகல். செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் இந்தக் குணத்தைத் தாவர விஞ்ஞானிகள் நல்ல வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1937 வாக்கில், செடியின் முளையில் கோல்ச்சிசினைப் பட வைத்தால் மரபுப் பொருள் இரட்டிப்பாகியும் செல் பிரியாமல் நின்றுவிடுகிறது, அதனால் இரட்டை மரபுப் பொருள் கொண்ட செடிகள் கிடைக்கின்றன என்று கண்டார்கள். கோடையில் நாம் வாங்கும் விதையில்லாத் தர்ப்பூசணி அந்த வழியில் வந்தது. பழத்தில் கோல்ச்சிசின் இருக்காது, பயப்பட வேண்டாம். தாய்ச் செடியை உருவாக்கும் கட்டத்தில் மட்டுமே அதற்கு வேலை.

நம் மருத்துவ முறைகளில்

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இந்தக் கிழங்குக்கு இடம் உண்டு. ஆனால் நம் முன்னோர்கள் இதைச் சாதுவான மூலிகையாக ஒருபோதும் நினைக்கவில்லை. ஆயுர்வேதத்தில் லாங்கலி என்ற பெயரில் இது உபவிஷங்களில், அதாவது துணை நஞ்சுகளில், சேர்க்கப்பட்டிருக்கிறது. சொல்லப்பட்டிருக்கும் பயன்களில் கணிசமானவை மேல்பூச்சு: வீக்கத்துக்குப் பற்று, சில தோல் நோய்களுக்குப் பூச்சு, எண்ணெய்களில் ஒரு சேர்மானம். மூலத்துக்குப் பூசும் காசீசாதித் தைலத்தில் லாங்கலி உண்டு. பிரசவ வலி தாமதமானால் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசுகிற வழக்கமும் பழைய நாளில் இருந்தது. இன்று யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் சேர்ப்பதற்கு முன் சுத்தி செய்ய வேண்டும் என்பது விதி. கிழங்கைச் சிறு துண்டுகளாக்கிக் கோமியத்தில் ஒரு நாள் ஊறப்போட்டு, கழுவி உலர்த்துவது ஒரு முறை. கோல்ச்சிசின் தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே ஊறவைக்கும்போது ஒரு பகுதி வெளியேறும் என்பது வேதியியலோடும் ஒத்துப்போகிறது. ஆனால் எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு தங்கியது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். மருந்துச் சட்ட விதிகளிலும் லாங்கலி ஈ(1) என்ற நச்சுப் பொருள் பட்டியலில் வருகிறது. அதைச் சேர்த்துச் செய்த உள்மருந்தின் மேல், மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டால் இதையெல்லாம் அவரே சொல்வார். கேட்காமல் கிழங்கை வாங்கிவந்து செய்பவர்களால்தான் ஆபத்து.

அப்படிச் செய்பவர்களிடம் இருக்கும் தவறான நம்பிக்கைகளில் பெரியது, கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்பது. போகாது. கொதிக்கிற சூட்டை கோல்ச்சிசின் தாங்கும். காயவைத்தாலும் கெடாது. கஷாயமாகக் காய்ச்சினால் நடப்பது, கிழங்கிலிருந்த விஷம் தண்ணீருக்கு இறங்குவதுதான். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

பாம்புக் கடிக்கும் தேள் கடிக்கும் இதைக் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பாம்பு கடித்தவருக்கு வேண்டியது விஷமுறிவு ஊசி. அந்த நேரத்தில் இன்னொரு விஷத்தை வயிற்றுக்குள் அனுப்பினால், டாக்டருக்கு எந்த அறிகுறி எதனால் என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாகிவிடும்.

தோட்டத்திலும் வீட்டிலும்

இந்தப் பயிரை வெள்ளாமை செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது குறைவு. அவர்கள் இதன் குணம் அறிந்தவர்கள். ஆனால் வேலைக்கு வருகிறவர்கள், விருந்துக்கு வரும் பேரப்பிள்ளைகள், வெளியூரிலிருந்து வந்து இடம் வாங்கிக் குடியேறியவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

கிழங்கை வீட்டில் வைத்தால் சர்க்கரைவள்ளி, சேனை, கருணை வைக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. உண்ணும் கிழங்கு என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்களைப் பற்றி இந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவ அறிக்கைகள் உண்டு. மண் ஒட்டிய சிறு துண்டாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தனிச் சாக்கில், எட்டாத உயரத்தில், பெயர் எழுதி வையுங்கள். விதையும் அப்படித்தான், ஆரஞ்சு நிற மணி குழந்தைகளின் கண்ணை இழுக்கும். காய் உடைக்கிற களத்தில் சின்னப் பிள்ளைகளை விடாமல் இருப்பது நல்லது. கிழங்கு நறுக்கும்போதும் விதை பிரிக்கும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலை மடிக்கவோ சோறு தின்னவோ வேண்டாம். ஆடு மாடுகளுக்கும் இது விஷம்தான். அறுவடை முடிந்த காட்டில் காய்ந்த கொடி கிடக்கும்போது ஆட்டுப் பட்டியை அவிழ்த்துவிடும் முன் யோசியுங்கள்.

அழகுக்காக வீட்டு வாசலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வைக்கலாம். மாநில மலர், கண்ணுக்கு அவ்வளவு நிறைவான பூ, ஏன் வைக்கக் கூடாது? தவழும் குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் சில வருடம் பொறுத்து வையுங்கள்.

யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். அந்த நேரம்தான் சிகிச்சைக்கு மிகவும் உதவும் நேரம். வயிற்றில் இருப்பதை ரத்தத்தில் சேராமல் பிடித்துக்கொள்ளும் கரிப்பொடியை மருத்துவமனையில் சீக்கிரமாகக் கொடுத்தால் பலன் உண்டு. இந்த விஷத்துக்கென்று தனி முறிவு மருந்து மருத்துவமனைகளில் கிடையாது, டயாலிசிஸ் செய்தும் இதை வெளியே எடுக்க முடியாது. உப்புக் கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்கு அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மீதமிருக்கும் கிழங்கையோ விதையையோ ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டரிடம் "கண்வலிக் கிழங்கு, கோல்ச்சிசின்" என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், ஏறக்குறைய எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். ஒரு நாளில் வாந்தி நின்று தெம்பாகத் தெரிந்தாலும், டாக்டர் அனுப்பும்வரை வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். ரத்த அணுக்கள் குறைவது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.